இமை அறுவை சிகிச்சை செய்தால் புருவம் இறங்கிவிடுமா?

மேல் இமையில் தொங்கும் தோலை எடுத்துவிட்டால் புருவம் கீழே இறங்கிவிடும் என்கிறார்களே, உண்மையா, அதைச் செய்துகொண்ட உங்கள் அக்காவின் முகம் இப்போது எப்போதும் சிடுசிடுவென்று இருப்பது போலத் தெரிகிறதே, உங்களுக்கும் அப்படி ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, மாலையானால் கண் கனக்கிறது, நெற்றி வலிக்கிறது, அதெல்லாம் சரியாகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தோற்றம் ஒரு கேள்வி, சுகம் இன்னொரு கேள்வி என்று பிரித்து எழுதியிருக்கிறீர்கள், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் ஒரே தசையைப் பற்றிய கேள்விதான். நெற்றி வேலையை நிறுத்தினால் வலி குறைகிறது, அதே நெற்றி வேலையை நிறுத்துவதால்தான் புருவமும் கொஞ்சம் இறங்குகிறது. இதைப் புரிந்துகொண்டால் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். நான் இமை, கண்குழி அறுவை சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன், அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். உங்கள் முகத்தைப் பார்க்காமல் எழுதுவதால் உங்களுக்கு இது பொருந்துமா என்ற கடைசி முடிவை என்னால் சொல்ல முடியாது.

முதலில் புருவம் எப்படி நிற்கிறது என்று பார்ப்போம். புருவத்தை மேலே தூக்குவதற்கு ஒரே ஒரு தசைதான் இருக்கிறது, நெற்றித் தசை. கீழே இழுப்பதற்கோ பல தசைகள்: கண்ணைச் சுற்றி வளையமாக ஓடும் தசை, இரண்டு புருவத்துக்கும் நடுவில் கோபக்கோடு போடும் சின்னத் தசைகள், மூக்கின் மேல்முனையில் இருக்கும் இன்னொன்று. அந்த நெற்றித் தசையும் புருவத்தின் வெளிமுனை வரை போய்ச் சேர்வதில்லை, பாதி தாண்டியதும் மெலிந்துவிடுகிறது. வயதாகும்போது புருவத்தின் வால் பகுதி முதலில் சரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மேல் இமையைத் தூக்குவது இவை எதுவும் இல்லை, அதற்கு லெவேட்டர் என்ற தனித் தசை உண்டு, அதற்குத் துணையாக மியூல்லர் தசை என்று ஒரு சின்னத் தசை சுமார் 2 மில்லிமீட்டர் தூக்கிக் கொடுக்கிறது. ஆக, இமைத் தோல் அதிகமாகித் தொங்குவது, இமையின் விளிம்பே இறங்குவது, புருவம் இறங்குவது என்று மூன்று தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. கண்ணாடியில் பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி, கண் சின்னதாகிவிட்டது, தூக்கக் கலக்கமாக இருக்கிறது என்றுதான் தெரியும். ஒரே ஆளுக்கு மூன்றும் சேர்ந்தே இருப்பதும் மிகச் சாதாரணம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தோல் தொங்கி இமைமுடி மேல் உட்கார்ந்து பார்வையின் மேல்பகுதியை மறைக்க ஆரம்பித்ததும், நீங்கள் நினைக்காமலேயே மூளை நெற்றித் தசையை வேலைக்கு இழுத்துக்கொள்கிறது. புருவம் மேலே போகிறது, அதோடு தோலும் கொஞ்சம் மேலே போகிறது, பார்வை கிடைக்கிறது. காலையில் கண் திறந்ததிலிருந்து இரவு மூடும் வரை இது நடக்கிறது. நெற்றியில் குறுக்குக்கோடுகள் ஆழமாக விழுந்திருப்பவர்களைப் பாருங்கள், அதில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான். நாள் முழுக்க ஒரு கனமான பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பவர், பழகிப்போய், தோள் உயர்ந்திருப்பதையே மறந்துவிடுவாரே, அது போலத்தான் இதுவும். எத்தனையோ பேர் "நான் புருவத்தைத் தூக்குவதே இல்லை டாக்டர்" என்று உறுதியாகச் சொல்வார்கள், சொல்லும்போதே புருவம் கண்குழியின் மேல் எலும்பு விளிம்பிலிருந்து ஒரு விரல் உயரத்தில் இருக்கும்.

உங்களுக்கு அப்படி இருக்கிறதா என்று வீட்டிலேயே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து கண்ணை மெதுவாக மூடுங்கள், இறுக்கி மூட வேண்டாம். நெற்றி முழுவதும் தளரும் வரை கொஞ்ச நேரம் விடுங்கள். பிறகு புருவத்துக்குச் சற்று மேலே விரல்களை வைத்து, நெற்றி அசையாதபடி லேசாக அழுத்திக்கொண்டு கண்ணைத் திறங்கள். விரலை எடுத்தவுடன் புருவம் மேலே தாவுகிறது என்றால், அதுவரை நெற்றி எவ்வளவு வேலை செய்துகொண்டிருந்தது என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டீர்கள். நெற்றியைப் பிடித்திருந்தபோது புருவம் எங்கே நின்றதோ அதுதான் அதன் உண்மையான இடம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு புருவம் எங்கே போய் நிற்கக்கூடும் என்பதற்கு ஓரளவு நம்பகமான அறிகுறியும் அதுதான்.

சிகிச்சைக்குப் பிறகு நடப்பது இதன் மறுபக்கம். தடையாக இருந்த தோல் போய்விட்டது, பார்வைக்கு மறைப்பில்லை, நெற்றியைத் தூக்கச் சொல்லும் தூண்டுதல் குறைகிறது, புருவம் தன் ஓய்வு நிலைக்கு வருகிறது. ஆகவே "ஆபரேஷன் புருவத்தை இழுத்துவிட்டது" என்பது பெரும்பாலும் சரியான விளக்கம் இல்லை, தூக்கிப் பிடித்திருந்த கை தளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். பெரும்பாலும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், உண்மையிலேயே இழுக்கப்படும் சந்தர்ப்பமும் ஒன்று இருக்கிறது. தோலை அளவுக்கு மீறி எடுத்துவிட்டால், புருவத்துக்கும் இமைமுடிக்கும் இடையில் மிச்சமிருக்கும் தோல் போதாமல் போகும், கண்ணை மூடும்போதெல்லாம் புருவம் கீழே இழுபடும், அப்படியும் கண் முழுசாக மூடாது. இதைத் தவிர்க்கத்தான் புருவத்தின் கீழ் விளிம்பிலிருந்து இமைமுடி வரை குறைந்தது 20 மில்லிமீட்டர் தோலாவது விட்டுவைக்க வேண்டும் என்ற விதியை நாங்கள் பின்பற்றுகிறோம். புருவம் ஏற்கனவே இறங்கியிருக்கும் ஒருவருக்கு, இறங்கியது புருவம் என்பதைக் கவனிக்காமல், தொங்குவதையெல்லாம் இமைத் தோல் என்று நினைத்து வெட்டினால் இந்தத் தவறு எளிதில் நடந்துவிடும். அளவுக் கோடுகளை நோயாளியை உட்காரவைத்துத்தான் போட வேண்டும் என்பதும் இதனால்தான், படுத்தால் புருவம் தானே மேலே நகர்ந்துவிடும்.

சரி, எவ்வளவு இறங்கும்? இங்கேதான் உறுதியானதையும் சந்தேகத்துக்குரியதையும் பிரிக்க வேண்டியிருக்கிறது. தோல் மட்டும் எடுத்த பிறகு புருவத்தின் உயரத்தை அளந்து பார்த்த ஆய்வுகள் ஒரே பதிலைச் சொல்வதில்லை. சிலவற்றில் சராசரியாக மாற்றமே இல்லை, சிலவற்றில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இறக்கம். இந்த முரண்பாடு எனக்கு வியப்பாக இல்லை. நெற்றியை மிகுதியாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்களையும், தோல் தொங்கினாலும் நெற்றியைத் தூக்காமலேயே இருந்தவர்களையும் ஒன்றாகப் போட்டுச் சராசரி எடுத்தால் ஒன்று இன்னொன்றை மறைத்துவிடும். புகைப்படம் எடுக்கும்போது முகத்தை எப்படி வைத்திருந்தார் என்பதைப் பொறுத்தே ஒரு மில்லிமீட்டர் மாறும், கேமரா என்றதும் புருவத்தைத் தூக்காதவர்கள் குறைவு. எனவே "இறங்கவே இறங்காது" என்று அடித்துச் சொல்பவரையும், "கட்டாயம் இறங்கும்" என்று பயமுறுத்துபவரையும் நான் நம்பமாட்டேன். உறுதியாகச் சொல்லக்கூடியது இது: இமையின் விளிம்பே இறங்கியிருந்து, லெவேட்டர் தசையைச் சரிசெய்யும்போது, புருவம் இறங்குவது தெளிவாகவும் அடிக்கடியும் பார்க்கப்படுகிறது. அந்த நோயாளிகளுக்கு நெற்றியின் உழைப்பு அதிகம், அது விடுபடுவதும் அதிகம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டு கண்ணின் இமைத் தசைகளுக்கும் மூளையிலிருந்து போகும் கட்டளை சமமாகப் போகிறது. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய உடலியல் அறிஞர் எவால்ட் ஹெரிங் இரு கண்களின் அசைவைப் பற்றிச் சொன்ன விதி இமைக்கும் பொருந்துகிறது. ஒரு பக்கம் இமை அதிகமாக இறங்கியிருந்தால் இரண்டு பக்கத்துக்கும் கூடுதல் கட்டளை போய்க்கொண்டிருக்கும், அதனால் மறுபக்கத்து இமை நன்றாக இருப்பது போலவே தெரியும். ஒரு பக்கத்தை மட்டும் சரிசெய்ததும் கூடுதல் கட்டளை நின்றுவிடும், நன்றாக இருந்த இமை கொஞ்சம் இறங்கும். நெற்றியும் இதே சூழ்நிலையில்தான் இயங்கிக்கொண்டிருந்தது என்பதால் புருவங்களின் சமநிலையும் மாறலாம். ஒரு கண்ணில் மட்டும் செய்யலாமா என்று யோசிப்பவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுச் சோதித்துக்கொள்ள வேண்டும். இறங்கிய இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் இறங்குகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை.

ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். புருவம் இறங்கும்போது அதன் கீழிருக்கும் தோலையும் கொண்டுவருகிறது, ஆகவே எடுத்த தோலின் பலனில் ஒரு பகுதியைப் புருவம் திரும்ப வாங்கிக்கொள்கிறது. குறிப்பாக வெளிப்பக்கத்தில். கண்ணின் உள்பக்கமும் நடுவும் திறந்து அழகாகிவிட்டது, வெளி ஓரத்தில் மட்டும் மடிப்பு அப்படியே இருக்கிறது என்ற குறை நிறையப் பேரிடமிருந்து வருகிறது, அதற்குப் பெரும்பாலும் புருவத்தின் வால்தான் காரணம். உங்கள் அக்காவின் முகம் சிடுசிடுப்பாகத் தெரிவதற்குச் சில காரணங்கள் இருக்கலாம். முன்பு தூக்கியே வைத்திருந்த புருவம் ஓய்வுக்கு வந்து, நடுவில் இருக்கும் கோபக்கோட்டுத் தசைகளின் இழுப்பு இப்போது வெளியே தெரிவது ஒன்று. தோல் அதிகமாக எடுக்கப்பட்டிருப்பது இன்னொன்று. வீக்கம் இன்னும் முழுசாக வடியாமல் இருப்பது மற்றொன்று. கண்ணை மூடி உறங்கும்போது அவருடைய இமை முழுசாக மூடுகிறதா என்று பாருங்கள், பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய அவருடைய படம் ஒன்றை எடுத்துப் புருவம் எங்கே இருந்தது என்றும் பாருங்கள். பழைய படத்திலேயே புருவம் தாழ்வாக இருந்தால், இப்போது தெரிவது அவருடைய சொந்தப் புருவம்தான், இடையில் தூக்கி வைத்திருந்ததைத்தான் எல்லோரும் பார்த்துப் பழகிவிட்டீர்கள்.

அப்படியென்றால் புருவத்தையும் சேர்த்துத் தூக்கிவிடலாமே என்று அடுத்து கேட்பீர்கள். தூக்கலாம், வழிகள் பல. இமையில் போட்ட அதே வெட்டு வழியாக உள்ளே போய்ப் புருவத்தை எலும்புச் சவ்வோடு தைப்பது எளிது, ஆனால் அதன் பலன் சிறிது, எவ்வளவு நாள் நிற்கும் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது, தூக்குவதைவிட மேலும் சரியாமல் நிறுத்தி வைப்பதற்கு என்றே நான் அதைக் கருதுகிறேன். புருவத்துக்கு நேர் மேலே தோலை வெட்டித் தூக்குவது நன்றாகத் தூக்கும், ஆனால் தழும்பு முகத்திலேயே இருக்கும். தலைமுடிக்குள் சின்ன வெட்டுகள் போட்டு எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாய் வழியாகச் செய்வதும் உண்டு, அது கொஞ்சம் பெரிய வேலை. எதைச் செய்தாலும் புருவத்தை முதலில் தூக்கிவிட்டு, அதற்குப் பிறகு எவ்வளவு இமைத் தோல் மிச்சமிருக்கிறது என்று அளந்து வெட்ட வேண்டும், வரிசை மாறினால் கண் மூடாமல் போகும். என் சொந்த அபிப்பிராயம், எல்லோருக்கும் புருவ அறுவை சிகிச்சை தேவையில்லை. ஆண்களுக்குப் புருவம் எலும்பு விளிம்பிலேயே இருப்பது இயல்பு, அதைத் தூக்கினால் எப்போதும் வியப்பில் இருப்பது போல முகம் ஆகிவிடும். பெண்களுக்கு விளிம்புக்குச் சற்று மேலே இருப்பது வழக்கம், அதிலும் அவரவர் முகவாகு வேறு. புருவம் கொஞ்சம் இறங்கும் என்று முன்பே சொல்லி, நெற்றியைப் பிடித்துக் கண்ணாடியில் காட்டிவிட்டால், பலர் "பரவாயில்லை, எனக்குப் பார்வையும் கனமும்தான் முக்கியம்" என்று தாங்களே முடிவு செய்துவிடுகிறார்கள். முன்பே காட்டாமல் விடுவதுதான் பிறகு மனக்கசப்பாகிறது.

அடுத்து உங்கள் கனமும் வலியும். பார்வையின் மேல்பகுதி திறக்கும் என்பதில் சந்தேகமில்லை, தோல் உண்மையிலேயே மறைத்துக்கொண்டிருந்தால் நேராகப் பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று அளக்கும் பார்வைப் புல சோதனையிலேயே அது தெரியும், இமைத் தோலை டேப் ஒட்டித் தூக்கி ஒருமுறையும் ஒட்டாமல் ஒருமுறையும் எடுத்தால் வித்தியாசம் காகிதத்தில் வந்துவிடும். இமையின் பாரம் குறைந்தது, படிக்கும்போது நெற்றி சோர்வதில்லை என்பதைப் பெரும்பாலானவர்கள் சொல்கிறார்கள், இதையும் தயங்காமல் எதிர்பார்க்கலாம். தலைவலி கொஞ்சம் வேறு. நெற்றி இறுக்கத்தால் வரும் தலைவலி இந்தச் சிகிச்சைக்குப் பிறகு குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன, காரணமும் பொருந்திவருகிறது. ஆனால் தலைவலிக்கு ஆயிரம் காரணம். ஒற்றைத் தலைவலி, கண்ணாடிப் பவர் மாறியிருப்பது, கழுத்துப் பிடிப்பு, இவற்றில் எதுவும் இமைத் தோலை எடுத்தால் போகாது. நெற்றி முழுவதும் பட்டை கட்டியது போல, மாலையில் கூடி, கண்ணை மூடிப் படுத்தால் குறையும் வலி என்றால் எனக்கு நம்பிக்கை அதிகம். தலைவலி ஒன்றுக்காக மட்டும் இதைச் செய்துகொள்ள வருபவரை நான் முதலில் கண்ணாடிப் பவர் பார்க்கத்தான் அனுப்புவேன்.

"மாலையானால் கனக்கிறது" என்று நீங்கள் எழுதியதில் இன்னொன்றையும் கேட்க வேண்டும். நெற்றி சோர்ந்து மாலையில் கனப்பது சாதாரணம். ஆனால் மாலையில் இமையின் விளிம்பே கண்மணி வரை இறங்குகிறது, தூங்கி எழுந்தால் சரியாகிவிடுகிறது, எப்போதாவது ஒன்று இரண்டாகத் தெரிகிறது, விழுங்கவோ மெல்லவோ சிரமம் என்று எதுவாவது இருந்தால், அது தோல் சிக்கல் இல்லை, மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நரம்புத்தசை நோயாக இருக்கலாம். அதற்குப் பரிசோதனையும் மருந்தும் வேண்டும், கத்தி இல்லை. தைராய்டு நோயும் இமையை வீங்கவைக்கும், அது அடங்கிச் சில மாதங்கள் நிலையாக இருந்த பிறகுதான் இமையைத் தொட வேண்டும்.

சுகத்தைக் குறைக்கக்கூடியதையும் சொல்லிவிடுகிறேன். முதல் சில வாரங்களில் கண் வறண்டு, மணல் விழுந்தது போல உறுத்தும், காற்று பட்டால் நீர் வடியும், ஏனென்றால் வீங்கிய இமை முழுசாகச் சிமிட்டுவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு இது செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுகளும் இரவில் களிம்பும் போட்டால் அடங்கிவிடும். முன்பே கண் வறட்சி உள்ளவர்களுக்கு அடங்க நாளாகும், அவர்களிடம் தோலைக் குறைவாகத்தான் எடுக்க வேண்டும். கண்ணாடி போடாமல் இருக்க லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்கள் குறைந்தது ஆறு மாதமாவது இடைவெளி விடுவது நல்லது, லேசிக்கும் கருவிழியின் உணர்வைக் குறைத்துக் கண்ணை வறளவைக்கிறது. வெட்டுக்குக் கீழே, இமைமுடி வரை, தோல் மரத்துப்போயிருக்கும், மை தீட்டும்போது விரல் பட்டது தெரியாது, இது வாரங்களிலோ சில மாதங்களிலோ மெல்ல திரும்பும். இதை யாரும் முன்பே சொல்வதில்லை, அதனால் நரம்பு போய்விட்டதோ என்று பயந்துபோய் வருகிறார்கள்.

சிகிச்சையின்போது வலி என்றால் மரத்துப்போக ஊசி போடும் அந்தச் சில நொடிகளின் எரிச்சல்தான். பிறகு இழுப்பது போல இருக்கும், வலிக்காது. முதல் இரண்டு நாள் ஐஸ் ஒத்தடம், தலையை உயர்த்திப் படுப்பது, பாரசிட்டமால் பெரும்பாலும் போதும். தையல் ஐந்திலிருந்து ஏழு நாளில் பிரிப்பார்கள், கன்றிய நீலம் ஒன்றிரண்டு வாரத்தில் மறையும். ஆனால் புருவம் எங்கே நிற்கிறது என்று அந்த வாரங்களில் முடிவுக்கு வராதீர்கள். வீங்கிய இமையைத் திறக்க நெற்றி முன்பைவிட அதிகமாகவே உழைக்கும், அதனால் முதலில் புருவம் உயர்ந்திருப்பது போலவும் பிறகு திடீரென்று விழுந்துவிட்டது போலவும் தோன்றும். மூன்று மாதம் கழித்து, நெற்றி தளர்ந்த நிலையில் எடுத்த படத்தை, அதே நிலையில் முன்பு எடுத்த படத்தோடு வைத்துப் பாருங்கள். நெற்றியில் போடாக்ஸ் போட்டுக்கொள்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும், அந்த ஊசி நெற்றித் தசையைத்தான் படுக்கவைக்கிறது, அதன் வீரியம் இருக்கும் மூன்று நான்கு மாதங்களுக்குள் எடுத்த அளவு எதுவும் உண்மையான அளவாக இருக்காது.

ஆக, ஆலோசனைக்குப் போகும்போது, நெற்றியைத் தளர்த்திப் புருவத்தை அளந்தாரா, இமை விளிம்பு கண்மணியின் நடுவிலிருந்து எத்தனை மில்லிமீட்டரில் இருக்கிறது என்று பார்த்தாரா (நாலைந்து இருப்பது இயல்பு), கண்ணீர் அளவைச் சோதித்தாரா என்று கவனியுங்கள், இல்லையென்றால் வாய்விட்டுக் கேளுங்கள். பழைய படங்களை எடுத்துப் போங்கள். ஆஸ்பிரின், இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை என்று எது சாப்பிட்டாலும் சொல்லுங்கள், ஆனால் இதயத்துக்காகக் கொடுத்த மாத்திரையை அதைக் கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தாதீர்கள். கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கசிந்து பார்வை நரம்பை அழுத்துவது மிக அரிது, கசிவு சுமார் 2000 பேரில் ஒருவருக்கும், நிரந்தரமாகப் பார்வை போவது 10,000 பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ நடக்கிறது, ஆனால் நடந்தால் மணிக்கணக்கில் காத்திருக்க நேரமில்லை. பெரும்பாலும் முதல் நாளில்தான் வரும். ஒரு கண்ணில் மட்டும் கடுமையான வலி கூடிக்கொண்டே போனாலோ, கண் வெளியே பிதுங்குவது போல இறுகினாலோ, பார்வை மங்கினாலோ, நள்ளிரவாக இருந்தாலும் வலி மாத்திரை போட்டுப் படுக்காமல், அறுவை சிகிச்சை செய்தவரை அப்போதே கூப்பிடுங்கள், அவர் கிடைக்கவில்லை என்றால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.